உங்கள் பயிற்றுநரிடம் “ஏன்?” என்று கேட்க முடியுமா?

சைக்கிளோட்டப் போட்டிக்குத் தயாராகும் மாணவர்களுக்கு ஏழு கேள்விகள்

மாணவர்களே, கடந்த ஆண்டு என் வகுப்பில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

படிவம் நான்கு மாணவர்களுக்கு நாடித்துடிப்பு அளக்கும் சோதனை. இரண்டு விரல்களை மணிக்கட்டில் வைத்து, 30 விநாடிக்கு எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். அவ்வளவுதான். பிப்ரவரியில் செய்தபோது வகுப்பிலேயே குறைந்த எண் ஒரு மாணவனுடையது: நிமிடத்துக்கு 56. அவன் மாநிலச் சைக்கிளோட்டக் குழுத் தேர்வுக்குத் தயாராகிக் கொண்டிருந்தான். பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் அதிக இரத்தத்தை வெளியேற்றும். அதனால் ஓய்வு நேரத்தில் குறைவாகத் துடித்தாலே போதும் என்று விளக்கினேன். நண்பர்கள் கைதட்டினார்கள்.

மே மாதம் அதே சோதனையை மீண்டும் செய்தோம். அவனுக்கு 74. தவறாக எண்ணிவிட்டான் என்று நினைத்து நானே எண்ணினேன். 73. அந்த மாதத்தில் அவன் இரண்டாவது பாடவேளையிலேயே மேசையில் தலை சாய்ப்பதையும், படியேறும்போது முழங்காலைப் பிடித்துக்கொள்வதையும் பார்த்திருந்தேன். “ரொம்பக் களைப்பா இருக்கு டீச்சர். ஆனா கோச் இன்னும் தூரத்தைக் கூட்டச் சொல்றாரு” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “இன்னும் மூணு வாரந்தானே, தாங்கிக்கோ.” அறிவியல் கற்பிக்கும் ஒருவர் சொல்லியிருக்கக்கூடாத வார்த்தை அது. கையில் இருந்த இரண்டு எண்களும் வேறு கதை சொல்லிக் கொண்டிருந்தன. பத்து நாளில் அவனால் காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை. கிளினிக் மருத்துவர் சைக்கிள் பக்கமே போகக்கூடாது என்று ஓய்வு கொடுத்தார். மாநிலத் தேர்வு அவன் இல்லாமலேயே நடந்து முடிந்தது.

அவனுடைய பயிற்றுநர் கெட்டவர் அல்லர். இளமையில் நன்றாக ஓட்டியவர். பணம்கூட வாங்காமல் சொல்லிக் கொடுத்தவர். தம் இருபதுகளில் தாம் செய்த பயிற்சியை அப்படியே 16 வயது மாணவனுக்குக் கொடுத்தார். ‘ஏன்?’ என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களில் சிலர் சாலைப் போட்டியில் ஓட்டுகிறீர்கள். சிலர் வார இறுதியில் புக்கிட் கியாராவிலோ புத்ராஜெயா சேலஞ்ச் பார்க்கிலோ மவுண்டன் பைக் ஓட்டுகிறீர்கள். அடுத்த படிக்குப் போக ஒரு பயிற்றுநர் வேண்டும் என்று தோன்றும்போது, அவருடைய பதக்கங்களை மட்டும் எண்ணாதீர்கள். அவர் சொல்லும் பயிற்சிக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவரா, அளந்து பார்ப்பவரா, அளவு மாறினால் திட்டத்தை மாற்றுபவரா என்று பாருங்கள். அதற்குக் கீழேயுள்ள ஏழு கேள்விகள் உதவும். ஒவ்வொன்றின் பின்னாலும் நீங்கள் பள்ளியில் படிக்கும் அறிவியல்தான் இருக்கிறது.

1. ஓய்வு நாள் எது?

முதலில் இதைக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பயிற்சி செய்யும்போது நம் உடல் பலமடைவதில்லை. அந்த நேரத்தில் அது களைத்துப் போகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோஜன் குறைகிறது. பிறகு நாம் சாப்பிட்டு, தூங்கி எழும்போது உடல் அதைப் பழுதுபார்க்கிறது. அப்போது முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூடுதலாகக் கட்டி வைக்கிறது. அந்தக் ‘கூடுதல்’தான் நாம் தேடும் முன்னேற்றம்.

பழுதுபார்ப்பு முடியும் முன்பே அடுத்த கடும் பயிற்சி வந்தால் என்ன ஆகும்? சுவரில் பூசிய சிமெண்டு காயும் முன் அதன்மேல் மறுபடியும் சுத்தியலால் அடிப்பதுபோல் ஆகும். சில நாள்களுக்கு என்றால் உடல் தாங்கும். வாரக்கணக்கில் தொடர்ந்தால் ஓய்வு நேர நாடித்துடிப்பு மாறும், தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அடிக்கடி சளி பிடிக்கும், நேரம் முன்னேறுவதற்குப் பதில் பின்னே போகும். இதைத்தான் மிகைப்பயிற்சி என்கிறோம். முற்றிவிட்டால் மீள மாதக்கணக்கில் ஆகலாம்.

13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. காலை 5 மணிக்குப் பயிற்சி, 7.30க்குப் பள்ளி, மாலையில் டியூஷன், இரவு 12 வரை வீட்டுப்பாடம் என்றால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். நல்ல பயிற்றுநர் உங்கள் பள்ளி அட்டவணையைக் கேட்டு வாங்குவார். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு இருக்கும். எஸ்பிஎம் சோதனைத் தேர்வு வாரத்தில் பயிற்சி குறைந்திருக்கும். “ஓய்வா? சோம்பேறிகளுக்குத்தான் அது” என்று ஒருவர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

2. நான் ஓட்டும் போட்டிக்கு என்ன தேவை?

சைக்கிள் ஒன்றுதான், போட்டிகள் பல. கெய்ரின் ஓட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மீட்டர் உள்ளரங்கத் தடத்தில் 6 சுற்று. முதல் பாதியில் ஒரு மோட்டார் சைக்கிள் முன்னே போய் வேகத்தை மெல்ல மெல்ல மணிக்கு 50 கிலோமீட்டர் வரை உயர்த்திவிட்டு விலகும். மிச்சமுள்ள 3 சுற்றில்தான் பாய்ச்சல். மவுண்டன் பைக் குறுக்கோட்டம் அப்படி அல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட இந்தப் போட்டியில் உயர்நிலை வீரர்கள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஏற்றமும் இறக்கமுமாக ஓட்டுகிறார்கள். ‘டவுன்ஹில்’ எனப்படும் மலையிறக்கப் போட்டி சில நிமிடங்களில் முடிந்துவிடும்; அங்கே கால் பலத்தைவிடக் கண்ணும் கையும் அதிகம் வேலை செய்யும்.

நம் தசைக்கு ஆற்றல் தரும் வழிகள் மூன்று. முதல் பத்து விநாடி அளவுக்குத் தசையிலேயே தயாராக இருக்கும் பாஸ்பேட் சேர்மங்கள் கைகொடுக்கும். அதற்குமேல் ஓரிரு நிமிடக் கடும் முயற்சிக்கு, உயிர்வளி போதாத நிலையிலும் குளுக்கோஸ் உடைந்து ஆற்றல் தரும். நீண்ட நேரத்துக்கு உயிர்வளியைப் பயன்படுத்தும் வழியே முதன்மையானது. மூன்றும் எப்போதும் சேர்ந்தே இயங்குகின்றன; பங்குதான் போட்டிக்குப் போட்டி மாறுகிறது.

குறுக்கோட்டத்தில் ஒரு சுவையான சிக்கலும் உண்டு. தொடக்கத்தில் அகலமாக இருக்கும் பாதை சீக்கிரமே ஒற்றையடிப் பாதையாகக் குறுகிவிடும். பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த இடமிருக்காது. ஆகவே ஒன்றரை மணி நேர ஓட்டக்காரருக்கும் தொடக்கத்தில் ஒரு பாய்ச்சல் தேவை. அந்தப் பாய்ச்சலுக்குப் பிறகு மூச்சு அடங்கும் முன்பே ஏற்றம் வரும். அதற்கும் பழக வேண்டும்.

சாலைப் போட்டியில் எதிரி காற்று. காற்றுத் தடை வேகத்தின் இருமடிப்படி கூடும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் மும்மடிப்படி கூடும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்றுக்காக மட்டும் 8 மடங்கு திறன் வேண்டும். அதனால்தான் சாலை ஓட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக ஒட்டிப் போகிறார்கள். குழுவில் ஓட்டக் கற்பதே அங்கே ஒரு தனிப் பயிற்சி.

எல்லாருக்கும் ஒரே அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்புபவர் இந்த வேறுபாட்டை எப்படிக் கவனிப்பார்? கேட்டுப் பாருங்கள்.

3. என் உழைப்பை எப்படி அளப்பீர்கள்?

“220இலிருந்து வயதைக் கழி, அதுதான் உன் உச்ச இதயத் துடிப்பு” என்று பலர் சொல்வார்கள். 16 வயதுக்கு 204. இன்னொரு சூத்திரம் உண்டு: 208இலிருந்து வயதில் 0.7 பங்கைக் கழிக்க வேண்டும். அதே 16 வயதுக்கு 197. ஒரே ஆளுக்கு இரண்டு விடை! இரண்டுமே பெரியவர்களிடம் எடுத்த அளவுகளின் சராசரியிலிருந்து வந்தவை. உங்கள் உண்மையான எண் இவற்றிலிருந்து பத்துத் துடிப்போ அதற்கு மேலோ தள்ளி இருக்கலாம். சராசரி வேறு, தனி மனிதர் வேறு. கணிதத்தில் படிக்கும் புள்ளியியலை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சிலர் திறன்மானி பயன்படுத்துவார்கள். மிதிகட்டையில் செலுத்தும் விசையையும் சுழலும் வேகத்தையும் அளந்து வாட் கணக்கில் காட்டும் கருவி அது. 50 கிலோ எடையுள்ளவர் 200 வாட் தந்தால் கிலோவுக்கு 4 வாட். ஏற்றத்தில் இந்த விகிதமே முக்கியம். இருபது நிமிடம் முழு முயற்சியுடன் ஓட்டி, அதன் சராசரித் திறனில் 95 விழுக்காட்டை அடிப்படை அளவாக எடுத்துக்கொள்வது பயிற்றுநர்களிடையே பரவலான வழக்கம்.

கருவி விலை கூடியது. தொடக்க நிலையில் அது கட்டாயமில்லை. பேசிப் பார்க்கும் சோதனை ஒன்று போதும். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் இலேசான ஓட்டம். இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமை. பேசவே முடியாவிட்டால் மிகக் கடுமை. இதோடு ‘இன்று எவ்வளவு கடினமாக இருந்தது?’ என்று 10க்கு ஒரு மதிப்பெண்ணும் குறித்து வாருங்கள்.

கருவி எது என்பது இரண்டாவது விஷயம். குறித்த எண்களைப் பயிற்றுநர் திரும்பிப் பார்க்கிறாரா என்பதே முதல் விஷயம். என் மாணவனும் ஒவ்வொரு நாளும் தூரத்தை எழுதி வைத்திருந்தான். அந்த நோட்டுப் புத்தகத்தை யாரும் புரட்டவில்லை.

4. என் வயதுக்கும் வளர்ச்சிக்கும் ஏற்ற பயிற்சியா?

உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் சராசரியாகப் பெண்களுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண்களுக்கு 14 வயதை ஒட்டியும் வரும். ஆளுக்கு ஆள் ஓரிரு ஆண்டு முன்பின்னாகும். ஆகவே ஒரே வகுப்பில் இருக்கும் இரண்டு 14 வயது மாணவர்களில் ஒருவர் ஏறத்தாழ வளர்ந்து முடிந்தவராகவும் மற்றவர் இன்னும் வளரத் தொடங்காதவராகவும் இருக்கலாம். இன்று பின்தங்கும் அந்தச் சின்னப் பையன் மூன்று ஆண்டில் முந்திவிடவும் கூடும். இதை அறிந்த பயிற்றுநர் 14 வயதில் யாரையும் ‘உனக்கு வராது’ என்று ஒதுக்க மாட்டார்.

வளரும் எலும்பின் முனைகளில் வளர்ச்சித் தகடு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசைநாண்கள் உடனே ஈடுகொடுப்பதில்லை. அந்த நேரத்தில் முழங்காலுக்குக் கீழே வலி வருவது இதனால்தான். கனமான கியரில் ஓட்டுவது அந்த இடத்தை மேலும் இழுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முன்பல்சக்கரத்தில் 53 பல், பின்னால் 11 பல். மிதிகட்டை ஒருமுறை சுற்றினால் சக்கரம் 4.8 முறை சுற்றும். சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர் என்றால் ஒரு மிதிக்குச் சுமார் 10.1 மீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 500 மீட்டர் போக, 50 சுற்று மிதிக்க வேண்டும். அதையே முன்னால் 50, பின்னால் 19 பல்லில் ஓட்டினால் ஒரு மிதிக்கு 5.5 மீட்டர், நிமிடத்துக்கு 90 சுற்று. வேகம் ஒன்றுதான், திறனும் ஒன்றுதான். ஆனால் முதல் கியரில் ஒவ்வொரு மிதியிலும் 1.8 மடங்கு அதிக விசை தேவை. அந்தச் சுமை முழங்காலில் இறங்கும்.

17, 18 வயது ஜூனியர்களுக்கான சாலைப் போட்டிகளில், ஒரு மிதிக்கு 7.93 மீட்டருக்குமேல் போகக்கூடாது என்று அனைத்துலகச் சைக்கிளோட்டச் சங்கம் பல ஆண்டுகள் வரம்பு வைத்திருந்தது. 2023இல் அந்த வரம்பு நீக்கப்பட்டது. விதி போய்விட்டதால் பொறுப்பு பயிற்றுநரிடம் வந்திருக்கிறது. ‘எனக்கு எந்தக் கியர், ஏன்?’ என்று கேளுங்கள்.

5. வெயிலில் எப்படிப் பயிற்சி தருவீர்கள்?

நம் நாட்டில் இதைக் கேட்காமல் இருக்கவே கூடாது. மனிதத் தசை ஓர் இயந்திரம் என்றால் அதன் வினைத்திறன் சுமார் 25 விழுக்காடுதான். மிதிகட்டையில் 150 வாட் செலுத்தும் ஒருவர் உள்ளே 600 வாட் அளவுக்கு ஆற்றலைச் செலவிடுகிறார். மீதி 450 வாட் வெப்பம். ஒரு மணி நேரத்தில் 450 × 3600 = 1,620,000 ஜூல்.

ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். கிட்டத்தட்ட எல்லா வெப்பத்தையும் வியர்வைதான் வெளியேற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டு வகுத்துப் பாருங்கள்: 675 கிராம். அதாவது மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் இது முழுதும் ஆவியானால் மட்டுமே பொருந்தும் கணக்கு. ஈரப்பதம் நிறைந்த நம் காற்றில் வியர்வையில் ஒரு பகுதி சொட்டிக் கீழே விழுகிறது. சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விக்காது. ஆகவே உடல் இன்னும் அதிகமாக வியர்க்கும். இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கும்.

வெயிலுக்குப் பழக உடலுக்கு 10 முதல் 14 நாள் ஆகும். விடுமுறைக்குப் பிறகோ காய்ச்சலுக்குப் பிறகோ திரும்புபவரை முதல் நாளே நண்பகல் வெயிலில் முழு வேகத்தில் ஓட்டச் சொல்பவர் ஆபத்தானவர். தலைசுற்றல், குழப்பமான பேச்சு, தடுமாற்றம் தெரிந்தால் அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் நீர் ஊற்றிக் குளிர்வித்து, 999க்கு அழைக்க வேண்டும். உங்கள் பயிற்றுநருக்கு முதலுதவி தெரியுமா? தண்ணீர் நிறுத்தம் எங்கே? அவசரத்துக்கு வண்டி இருக்கிறதா? இவை மரியாதைக் குறைவான கேள்விகள் அல்ல.

6. ஓட்டும் நுட்பத்தைச் சொல்லித் தருவீர்களா?

மவுண்டன் பைக்கில் இது பாதி வெற்றி. இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்படி கூடும் என்று இயற்பியலில் படித்திருக்கிறீர்கள். மணிக்கு 20 கிலோமீட்டரில் 4 மீட்டரில் நிற்கும் சைக்கிள், அதே பிரேக் விசையில் 40 கிலோமீட்டரில் நிற்க 16 மீட்டர் எடுக்கும். மழைக்குப் பிறகு களிமண்ணும் மரவேர்களும் வழுக்கும் பாதையில் அந்த 16 மீட்டர் உங்களுக்குக் கிடைக்காது.

ஆகவே நல்ல பயிற்றுநர் வேகத்தைக் கற்பிக்கும் முன் நிறுத்தக் கற்பிப்பார். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவில் விட்டுவிடச் சொல்வார். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்கு மாறுவதால், செங்குத்தான இறக்கத்தில் இடுப்பை ஏன் பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று காட்டுவார். டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் தரையைத் தொடும் பரப்பு கூடிப் பிடிமானம் வரும். அளவுக்கு மீறிக் குறைத்தால் கல்லில் இடித்துச் சக்கர விளிம்பே நசுங்கும் என்று உங்களையே சோதித்துப் பார்க்கச் சொல்வார். புதிய பாதையை முதலில் நடந்து பார்க்க வைப்பார்.

நுட்பத்தோடு நிதானமும் வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் குறுக்கோட்டத்தில் பிரிட்டனின் டாம் பிட்காக்கின் டயர் பாதி வழியில் காற்றிழந்தது. சக்கரத்தை மாற்றிக்கொண்டு, இழந்த இடங்களை ஒவ்வொன்றாக மீட்டு, தங்கமே வென்றார். பதற்றத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதும் பயிற்சியில் சேர்ந்தது.

7. உணவு, எடை, மருந்து பற்றி என்ன சொல்வீர்கள்?

ஏற்றத்தில் எடை குறைந்தவருக்கு நன்மை என்று மேலே பார்த்தோம். அதைக் காரணமாக வைத்து வளரும் மாணவரைப் பட்டினி போடச் சொல்பவர் அறிவியலைத் தவறாகப் படித்தவர். செலவிடும் ஆற்றலுக்கு உணவு ஈடுகொடுக்காவிட்டால் எலும்பு வலுவிழக்கும், நோய் எதிர்ப்பாற்றல் குறையும், வளர்ச்சி தடைப்படும். மாணவிகளே, பயிற்சி தொடங்கியபின் மாதவிடாய் நின்றுபோனாலோ தாறுமாறானாலோ அதைக் ‘கடுமையாக உழைக்கிறோம்’ என்பதற்கு அடையாளமாக எண்ணாதீர்கள். உடல் தரும் எச்சரிக்கை அது. அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள்.

பெயர் தெரியாத பொடியோ மாத்திரையோ கொடுத்தால் வாங்கவே வேண்டாம். ஊக்கமருந்து விதிகளின்படி உங்கள் உடலில் இருக்கும் பொருளுக்கு நீங்களே பொறுப்பு. ‘கோச் கொடுத்தார்’ என்பது உங்களை விடுவிக்காது. லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 1999 முதல் 2005 வரை வென்ற 7 ‘டூர் டி பிரான்ஸ்’ பட்டங்களையும் 2012இல் இழந்தார். அவருக்குப் பயிற்சித் திட்டம் வகுத்த இத்தாலிய மருத்துவர் மிக்கேலே ஃபெராரிக்கு வாழ்நாள் தடை. உலகமே புகழ்ந்த ‘அறிவியல் பயிற்சி’தான் அது! ஐயம் வந்தால் மலேசிய ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனமான அடாமாஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன். தனியறையில் சந்திக்கச் சொல்வது, பெற்றோருக்குத் தெரியாமல் இரவில் செய்தி அனுப்புவது, தேவையில்லாமல் தொடுவது, ‘இதை யாரிடமும் சொல்லாதே’ என்பது எதுவும் பயிற்சியில் சேராது. அவர் எத்தனை பதக்கம் வாங்கித் தந்தவராக இருந்தாலும் சரி. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். 15999 என்ற தாலியான் காசிஹ் எண்ணிலும் உதவி கிடைக்கும்.

பயிற்றுநர் இல்லாமல் முடியாதா?

நியாயமான கேள்வி. டோக்கியோ 2020 ஒலிம்பிக் 2021இல் நடந்தபோது, மகளிர் சாலைப் போட்டியில் ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் தங்கம் வென்றார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தொழில்முறைக் குழு இல்லை, பயிற்றுநரும் இல்லை. தம் பயிற்சியையும் உணவையும் தாமே கணக்கிட்டுத் திட்டமிட்டவர். 137 கிலோமீட்டர் ஓட்டத்தில் தொடக்கத்திலேயே முன்னேறிச் சென்று 75 விநாடி வேறுபாட்டில் வென்றார். இரண்டாவதாக வந்த நெதர்லாந்து வீராங்கனை, முன்னால் ஒருவர் இருப்பதே தெரியாமல், தாம்தான் வென்றதாக எண்ணிக் கையை உயர்த்தினார்!

ஆனால் கவனியுங்கள். அவர் அப்போது 30 வயதானவர். அளக்கவும் ஆராயவும் பயின்றவர். பயிற்றுநர் செய்ய வேண்டிய வேலையை அவரே செய்துகொண்டார். அந்த வேலை நடக்காமல் இருக்கவில்லை.

நம் டுங்குனில் பிறந்த டத்தோ அஸிசுல்ஹஸ்னி அவாங் வேறு வழியில் போனார். இளம் வயதிலேயே மெல்பர்ன் சென்று, ஆஸ்திரேலியப் பயிற்றுநர் ஜான் பீஸ்லியிடம் பல ஆண்டுகள் பயின்றார். பெரிய உடல்வாகு கொண்டவர்கள் நிறைந்த கெய்ரினில், உயரம் குறைந்த அவர் 2016 ரியோவில் வெண்கலம் வென்றார். சைக்கிளோட்டத்தில் மலேசியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2017இல் ஹாங்காங்கில் உலக வெற்றியாளர், டோக்கியோவில் வெள்ளி. முதல் ஒலிம்பிக் பதக்கத்துக்கே ஏறத்தாழ பத்து ஆண்டு ஆனது. நல்ல பயிற்றுநர் மூன்று மாதத்தில் பதக்கம் என்று வாக்குக் கொடுக்க மாட்டார்.

எப்படித் தொடங்குவது?

பள்ளியின் புறப்பாட ஆசிரியரிடமோ மாநிலச் சைக்கிளோட்டச் சங்கத்திடமோ விசாரியுங்கள். பயிற்றுநர் சான்றிதழ் பெற்றவரா என்று பாருங்கள்; தேசியப் பயிற்றுநர் அகாடமி விளையாட்டு அறிவியலில் நிலை 1 முதல் 3 வரை பயிற்சி நடத்துகிறது. சான்றிதழ் மட்டுமே போதாது. ஆனால் அது நல்ல தொடக்கம். அவரே சைக்கிள் கடையும் நடத்தினால், ‘இந்தச் சைக்கிள் வாங்கினால்தான் பயிற்சி’ என்கிறாரா என்று கவனியுங்கள்.

முதல் சந்திப்புக்கு அப்பா அம்மாவோடு போங்கள். அவரிடம் ஏற்கெனவே பயிலும் இரண்டு மாணவர்களிடம் பேசுங்கள். பயிற்சியை விட்டுப்போன ஒருவரிடமும் பேச முடிந்தால் இன்னும் நல்லது. ஒரு மாதம் முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். ‘ஏன்?’ என்று பணிவாகக் கேட்டால் நல்ல பயிற்றுநருக்குக் கோபம் வராது. “எனக்குத் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்” என்று அவர் சொன்னால் மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள். அறிவியல் அறிஞர்கள் பேசுவதும் அப்படித்தான்.

செய்து பாருங்கள்

இரண்டு வாரம், தினமும் காலையில் கண் விழித்ததும் படுக்கையில் இருந்தபடியே நாடித்துடிப்பை 60 விநாடி எண்ணுங்கள். தேதி, எண், எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், முந்தைய நாள் எவ்வளவு கடினம் (10க்கு) என்று நான்கு கட்டத்தில் எழுதுங்கள். பிறகு வரைபடம் வரையுங்கள். முதல் வாரச் சராசரியைவிட 7, 8 துடிப்பு கூடுதலாகத் தொடர்ந்து மூன்று நான்கு நாள் இருந்தால் யோசியுங்கள்: காய்ச்சல் வருகிறதா, தூக்கம் குறைவா, தேர்வு கவலையா, பயிற்சி மிகுதியா? எண் காரணத்தைச் சொல்லாது. கேட்க வேண்டிய நேரத்தைச் சொல்லும். நெஞ்சுவலி, மயக்கம் இருந்தால் வரைபடம் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

என் மாணவன் இந்த ஆண்டு சனவரியில் மூன்று பயிற்றுநர்களைப் பார்த்தான். கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனான். முதலாமவர் சிரித்தார். இரண்டாமவர் தம் பதக்கங்களைக் காட்டினார். மூன்றாமவர் அவனுடைய பழைய நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, “நீ ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குற?” என்று கேட்டார். அவரிடம்தான் சேர்ந்தான். போன மாதம் மாவட்டப் போட்டியில் ஒன்பதாவதாக வந்தான். நாடித்துடிப்பு 58. முழங்கால் வலி இல்லை, வகுப்பில் தூங்குவதும் இல்லை.

நாளைக் காலை உங்கள் எண் என்ன என்று எண்ணிப் பாருங்கள்.